தாளில் இல்லாத வரி: ஒஸ்ட்ராவாவின் ரோமா பெற்றோரும் பள்ளிக்கூடமும்

செக் நாட்டின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில், ஒஸ்ட்ராவா என்ற நகரம் இருக்கிறது. நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். அங்கே 1996-க்கும் 1999-க்கும் இடையில் 18 ரோமா பிள்ளைகள் 'சிறப்புப் பள்ளி'களில் சேர்க்கப்பட்டார்கள். ரோமா என்பவர்கள் ஐரோப்பா முழுக்கப் பரவி வாழும், ஒதுக்கலுக்கு ஆளான ஒரு சிறுபான்மை மக்கள். அந்த நாட்டில் அப்போது சிறப்புப் பள்ளி என்றால் மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கானது, பாடத்திட்டமே சுருக்கமானது. பெற்றோர் சம்மதிக்காமல் ஒரு பிள்ளையையும் அங்கே சேர்க்க முடியாது என்பது சட்டம். சம்மதம் இருந்தது. கையெழுத்து இருந்தது. சில பெற்றோர் தாங்களாகவே கேட்டுத்தான் சேர்த்தார்கள் என்றும் அரசுத் தரப்பு சொன்னது.

அந்தக் கையெழுத்து வாங்கிய தாளைப் பற்றி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஓர் இடம் வருகிறது. அந்த 18 பிள்ளைகள் தொடுத்த 'டி.எச். மற்றும் பலர் எதிர் செக் குடியரசு' என்ற வழக்கு, பெரிய அமர்வின் தீர்ப்பு 2007 நவம்பர் 13 அன்று வந்தது. தாள் முன்பே நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. இந்தப் பள்ளியில் நடத்தும் பாடத்துக்கும் மற்றப் பள்ளிப் பாடத்துக்கும் என்ன வித்தியாசம் என்றும் ஒரு வரி இல்லை.

ரோமா குடும்பங்களைப் பள்ளியோடு இணைப்பது எப்படி என்று யார் பேசத் தொடங்கினாலும் என் மனம் இந்தத் தாளுக்குத்தான் போகிறது. ஏனென்றால் 'பெற்றோரின் பங்கேற்பு' என்று பல பள்ளிகளில் சொல்லப்படுவது கடைசியில் ஒரு கையெழுத்தாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளைப் படித்துச் சொல்ல, பெற்றோர் பக்கத்தில் அவர்கள் நம்புகிற ஒருவர் உட்கார்ந்திருந்தாரா என்பதுதான் எனக்குக் கேள்வி. ஒஸ்ட்ராவாவில் அந்த ஒருவரை உண்டாக்குவதற்கு என்னென்ன நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்ப்பதற்காகவே இந்த ஆய்வு.

முதலில் எண்கள், இவை இல்லாமல் விஷயத்தின் கனம் புரியாது. வழக்குக்காக, அப்போது புடாபெஸ்ட்டில் இருந்த ஐரோப்பிய ரோமா உரிமை மையம் ஒஸ்ட்ராவாவின் தலைமை ஆசிரியர்களிடமிருந்து தகவல் திரட்டியது. நகரத்தில் தொடக்கக் கல்வி பெற்ற 33,372 மாணவர்களில் ரோமா பிள்ளைகள் 2.26% மட்டுமே. ஆனால் சிறப்புப் பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே 56% பேர் ரோமா. ரோமா பிள்ளைகளில் 50.3% பேர் சிறப்புப் பள்ளியில், மற்றவர்களில் 1.8% பேர்தான். அதாவது ஒரு ரோமா குழந்தை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு மற்றக் குழந்தையைவிட 27 மடங்கு. அங்கே போனால் பாதை அடைபட்டது என்று பொருள்: 2000-இல் சட்டம் திருத்தப்படும்வரை சிறப்புப் பள்ளி முடித்தவர் வழக்கமான மேல்நிலைப் பள்ளிக்குப் போகவே முடியாது, தொழிற்பயிற்சிதான்.

சரி, பெற்றோர் ஏன் சம்மதித்தார்கள்? 'அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்ற பதில் ஐரோப்பா முழுக்கத் தயாராக இருக்கிறது, நம் ஊரிலும் வேறு சில சமூகங்களைப் பற்றி இதே வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. வழக்கமான பள்ளியோ இந்தப் பிள்ளைகளை ஏற்கத் தயாராக இல்லை. அங்கே போனால் தனிமையும் ஒதுக்கலும் காத்திருக்கின்றன. சிறப்புப் பள்ளியிலோ பெரும்பாலும் ரோமா பிள்ளைகள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெற்றோரின் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது தீர்ப்பு. அண்ணன் அந்தப் பள்ளியில், அத்தை மகள் அந்தப் பள்ளியில், வீட்டுக்கும் பக்கம், யாரும் தன் பிள்ளையைக் கேலி பண்ண மாட்டார்கள். ஒரு தாய் இப்படி யோசிப்பதில் அக்கறைக் குறைவு எங்கே இருக்கிறது? அவள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அங்கே அனுப்பினாள்.

பரிசோதனை விஷயமும் இருக்கிறது. சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப் பிள்ளையின் அறிவுத்திறனை அளந்த சோதனைகள் செக் மொழியில், செக் வீட்டுச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டவை. ரோமா வீட்டில் பேசப்படுவது ரோமானி, அல்லது ரோமானியின் அமைப்பு உள்ளே ஊடாடும் ஒரு வகைச் செக். ரோமானி நமக்குத் தூரத்து மொழி இல்லை. தண்ணீருக்குப் 'பானி', மூக்குக்கு 'நக்', காதுக்குக் 'கன்', ஒன்று இரண்டு மூன்று என்பது 'யேக், துய், த்ரின்'. இந்தி தெரிந்த எவருக்கும் காதில் விழுந்த உடனே பிடிபடும், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கிளம்பிய மக்களின் மொழி அது. அந்த மொழியில் சொல்வளம் உள்ள ஆறு வயதுக் குழந்தை, செக் மொழியில் நிறங்களின் பெயரும் ஒரு பாட்டும் சொல்லத் தெரியாமல் நின்றால், முன்னே உட்கார்ந்திருப்பவர் குறித்துக்கொள்வது 'பின்தங்கியது' என்று. சோதனைகள் ஒருதலைப்பட்சமாக இருந்திருக்கும் ஆபத்து உண்டு, அவற்றின் முடிவுகள் ரோமா பிள்ளைகளின் சூழலைக் கணக்கில் எடுத்துப் பார்க்கப்படவில்லை என்று நீதிமன்றமும் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பள்ளிக்கு நேரடித் தொடர்பு இல்லாதது போலத் தெரிந்தாலும். எலெனா கொரொலோவா, ஒஸ்ட்ராவாக்காரர். 1990-இல் 21 வயதில் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் போனார். பிரசவ வலியில் இருந்தபோது ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். இனிமேல் பிள்ளை பிறக்காது என்பது அறுவைக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இப்படி நடந்த பெண்கள் பல பேர், அவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் பல ஆண்டு போராடினார். கடைசியில் 2021-இல் செக் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் கொருனா இழப்பீடு என்றது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அதே ஊரில், அதே தெருக்களில், ஒரு தாள் என்ன செய்யும் என்று இந்தத் தாய்மாருக்குத் தெரியும். பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் பதில் போடுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் ஆசிரியருக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவநம்பிக்கை சோம்பலால் வருவதில்லை.

எலெனா சமூகப் பணியாளராக வேலை செய்த அமைப்பின் பெயர் 'வ்ஸாயெம்னே சோஜிட்டி', செக் மொழியில் 'ஒருவரோடொருவர் கூடி வாழ்தல்'. அதைத் தொடங்கியவர் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: குமார் விஸ்வநாதன். கேரளத்தில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர், செக் நாட்டுக்குப் போய் ஒலொமொவுட்ஸ் நகரத்தில் ஆசிரியராக இருந்தவர்.

1997 ஜூலையில் ஓடர், மொராவா ஆறுகள் பெருகி அந்தப் பகுதியே மூழ்கியது. ஒஸ்ட்ராவாவில் ஹ்ருஷொவ் என்ற தாழ்வான பகுதியில் இருந்த ரோமா குடும்பங்கள் வீட்டை இழந்து தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் அவர்களுக்குப் போக இடம் இல்லை, எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள். குமார் வேலையை விட்டுவிட்டு ஒஸ்ட்ராவாவுக்கு வந்து அந்தக் குடும்பங்களுக்கு நடுவிலேயே தங்கினார். திட்ட அறிக்கையோடு அவர் வரவில்லை. முதலில் அங்கே குடியிருந்தார், அப்புறம்தான் அமைப்பு வந்தது. இந்த வரிசையை நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் இதைத் தலைகீழாகச் செய்யும் திட்டங்களே அதிகம்: முதலில் நிதி, பிறகு அலுவலகம், பிறகு பதாகை, கடைசியில் 'பயனாளிகள்' வரவில்லையே என்ற வருத்தம்.

அந்த அமைப்பின் வேலை முறையில் என்னைக் கவர்ந்தது இரட்டையர் ஏற்பாடு. ஒரு ரோமா பணியாளர், ஒரு ரோமா அல்லாத பணியாளர், இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். இதன் பயனை யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கதவைத் தட்டும்போது முன்னால் நிற்பவர் ரோமா, கதவு திறக்கிறது. பள்ளி அலுவலகத்துக்குப் போகும்போது கூட இருப்பவர் செக்காரர், அங்கேயும் கதவு திறக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் நாள்தோறும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். தெருவில் இந்த இருவரும் சேர்ந்து நடப்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடமாக இருக்கும். இந்த முறையைத்தான் வீடுகளுக்கும் கொண்டுபோனார்கள்: கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2002-இல் 30 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரை எழுப்பி, ரோமா குடும்பங்கள், செக் குடும்பங்கள், கலப்புக் குடும்பங்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்தார்கள். பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகும் பிள்ளையை வாசலிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம்.

பள்ளிக்கு உள்ளேயும் இதே மாதிரி ஒரு முயற்சி நடந்தது. 1990-களில் ஒஸ்ட்ராவாவின் பிரெமிஸ்ல் பிட்டர் திருச்சபைப் பள்ளி, தலைமை ஆசிரியர் ஹெலெனா பலபானோவாவின் காலத்தில், ரோமா பெரியவர்களை வகுப்பறைக்குள் உதவியாளராக அமர்த்தியது. பிறகு அரசாங்கமும் இதை எடுத்துக்கொண்டது. அந்த உதவியாளர் செய்கிற வேலை எந்தப் பணி விவரப் பட்டியலிலும் முழுசாக அடங்காது. பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்; காரணம் காலணி இல்லை என்பதாக இருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதாக இருக்கலாம். ஆசிரியர் சொன்னதைத் தாய்க்கும், தாய் சொல்லாமல் விட்டதை ஆசிரியருக்கும் எடுத்துச் சொல்வார். 2004-இன் கல்விச் சட்டத்துக்குப் பிறகு 'ரோமா உதவியாளர்' என்ற பெயர் போய் 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பொதுப் பெயர் வந்தது. அது சமத்துவமாகத் தோன்றும். என் பார்வையில் அதில் ஒரு நஷ்டம் இருக்கிறது: கணக்கில் உதவுகிறவர் யாராகவும் இருக்கலாம், ஆனால் தெருவுக்குள் போய்க் கதவு தட்டுகிறவர் அந்தத் தெருவுக்குத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

தீர்ப்புக்கு வருவோம். 2006-இல் சிறிய அமர்வு 6-க்கு 1 என்று பிள்ளைகளுக்கு எதிராகச் சொன்னது, பெரிய அமர்வு அதை மாற்றி 13-க்கு 4 என்று பாகுபாடு நடந்தது உண்மை என்றது. ஆளுக்கு 4,000 யூரோ. அதற்குள் அந்தப் பிள்ளைகளின் பள்ளி வயதே முடிந்துவிட்டது அல்லது முடியப்போகிறது. அவர்கள் 1985-க்கும் 1991-க்கும் இடையில் பிறந்தவர்கள். 'சிறப்புப் பள்ளி' என்ற பெயரைச் சட்டம் தீர்ப்புக்கு முன்பே, 2005-இலேயே, நீக்கியிருந்தது. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், 'நடைமுறைப் பள்ளி' என்று வேறு பலகை. 2016 செப்டம்பரில்தான் பாடத்திட்டத்திலிருந்து அந்தச் சுருக்கப் பகுதி எடுக்கப்பட்டது, 2017 முதல் பள்ளிக்கு முந்திய ஒரு வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் ஆனது. இவை நல்ல மாற்றங்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எடுத்த கணக்குகளிலும், லேசான மனவளர்ச்சிக் குறைபாடு என்று குறிக்கப்பட்ட மாணவர்களில் ரோமா பிள்ளைகள் 30 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். மொத்த மாணவர்களில் அவர்கள் 4 சதவீதம்கூட இல்லை.

ஒஸ்ட்ராவாவில் இன்னொரு ரோமா அமைப்பு இருக்கிறது, 'ஆவென் அமென்ட்சா', ரோமானியில் 'எங்களோடு வாருங்கள்'. பெற்றோர் தம் பிள்ளைகளை வழக்கமான, பிரித்து வைக்காத பள்ளிகளில் சேர்ப்பதற்குத் துணை நிற்பதுதான் இவர்களின் முக்கியமான வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சேர்க்கை நாளை நினைத்துப் பாருங்கள். செக் நாட்டில் முதல் வகுப்புச் சேர்க்கை ஒரு குட்டித் தேர்வு மாதிரி நடக்கும். குழந்தையை உட்கார வைத்து ஒரு மனிதனை வரையச் சொல்வார்கள், நிறம் கேட்பார்கள், எண்ணச் சொல்வார்கள், ஒரு பாட்டு. பக்கத்தில் தாய். இது அவள் படித்த பள்ளி இல்லை, அவளைப் பார்த்தவுடன் மற்றவர்கள் முகம் மாறும் இடம். 'உங்கள் பிள்ளைக்கு இங்கே கஷ்டமாக இருக்கும், அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒருவர் மெதுவாக, நல்ல மனசோடுகூடச் சொன்னால் தாய் எழுந்து போய்விடுவாள். அவள் பக்கத்தில் இன்னொரு ரோமா பெண் உட்கார்ந்து, 'இல்லை, இந்த எல்லைக்குள் குடியிருக்கிறோம், இங்கே சேர்க்க எங்களுக்கு உரிமை உண்டு, மறுத்தால் எழுத்தில் தாருங்கள்' என்று சொன்னால் அந்த அறையில் நடப்பது மாறுகிறது. தாளில் இல்லாமல் போன அந்த வரியை இப்போது ஒரு மனுஷி வாய்விட்டுச் சொல்கிறாள்.

ஸ்பெயினையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஒஸ்ட்ராவாவில் எனக்குக் குறையாகத் தெரிவது அங்கே தெளிவாகப் புரியும். அல்பசேட்டே நகரத்தின் ஏழ்மையான ரோமாக் குடியிருப்புகளுக்கான ஒரு பள்ளி கிட்டத்தட்டக் குலைந்துபோன நிலையில், 2006-இல் அதை மூடி 'லா பாஸ்' என்ற பெயரில் 'கற்கும் சமூகம்' முறையில் புதிதாகத் தொடங்கினார்கள். வகுப்பைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர். அவர் தாயாக, தாத்தாவாக, அக்கம்பக்கத்தவராக இருக்கலாம். பார்சலோனா பல்கலைக்கழகத்தின் ரமோன் ஃப்ளெச்சா ஒருங்கிணைத்த 'இன்க்லூட்-எட்' ஆய்வு, 2006 முதல் 2011 வரை நடந்தது, பெற்றோர் பங்கேற்பை ஐந்து வகையாகப் பிரித்தது. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் பிள்ளையின் படிப்பில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முடிவெடுப்பதிலும், மதிப்பிடுவதிலும், வகுப்பறைக் கற்றலிலும் பெற்றோர் இருந்தால்தான் பலன். பெற்றோர் தாங்களே படிக்கத் தொடங்கினால் இன்னும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் குழுவில் உட்கார்ந்து 'எனக்கு இது புரியவில்லை, நீ சொல்லு' என்று கேட்கலாம், சொல்லிக் காட்டும் பிள்ளை அந்த நேரத்தில் நிஜமாகவே கற்றுக்கொள்கிறது. ஒஸ்ட்ராவாவில் துணைக்கு ஆள் வந்தார்கள், அது பெரிய காரியம். பள்ளி தன் மேஜையைச் சுற்றி நாற்காலியைக் கூட்டிப் போட்டதா என்றால், அங்கேதான் எனக்குக் குறை.

அமைப்புகளால் எட்ட முடியாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று வீடு. 2012 கோடையில் ஒஸ்ட்ராவாவின் பிரெட்நாட்ரஜீ தெருவில், கழிவுநீர்க் குழாய் நாசமாகிக் கிடந்த கட்டடங்களிலிருந்து ரோமா குடும்பங்களை உடனே காலி செய்யச் சொன்னார்கள். பலர் சிறு அறைகளுக்கு அதிக வாடகை வாங்கும் விடுதிகளுக்குப் போனார்கள். விடுதி மாறினால் பள்ளி மாறும், ஆசிரியர் மாறுவார், ஒரு வருடம் உழைத்துக் கட்டிய உறவு அறுந்துபோகும். எந்த வாசிப்பு வட்டமும் இதை ஈடுகட்டாது. பள்ளி வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் நகராட்சியின் வீட்டுவசதித் துறை ஆள் இல்லையென்றால் அந்தக் கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

இரண்டாவது, மற்றப் பெற்றோர். ஒரு பள்ளியில் ரோமா பிள்ளைகள் கொஞ்சம் கூடியதும் செக் பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மூன்று நான்கு வருடத்தில் அது 'ரோமாப் பள்ளி' ஆகிவிடுகிறது, யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காமலே. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2020, 2021-இல் எடுத்த கணக்கில், பார்த்த நாடுகளில் ரோமா பிள்ளைகளில் 52% பேர் எல்லாரும் அல்லது பெரும்பாலோர் ரோமாவாக இருக்கும் பள்ளிகளில் படித்தார்கள். மழலையர் கல்விக்குப் போனவர்கள் 44%. கூட்டாண்மை என்ற பெயரில் ரோமாப் பெற்றோரை மட்டும் கூப்பிட்டு அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது ஏன் போதாது என்றால் இதனால்தான். பயிற்சி தேவைப்படுவது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போகும் அந்தப் பெற்றோருக்கும்தான். அவர்களோடு உட்கார்ந்து பேசுவது கசப்பான வேலை, வாக்குக் கிடைக்காத வேலை, அதனாலேயே எந்த நகராட்சியும் அதை முதலில் எடுப்பதில்லை.

ஆனாலும் ஒஸ்ட்ராவாவில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரும் வேலை நிற்கவில்லை. செக் பள்ளிகளில் ஒவ்வொரு வருடமும் சேர்க்கை நடக்கிறது. அதற்கு முன்னாலேயே போய்க் கதவு தட்டினால்தான் உண்டு: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது, தாயின் அடையாள அட்டை காலாவதி ஆகிவிட்டதா, பதிவான முகவரி எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது, அன்றைக்குக் கூட வர யாருக்கு நேரம் இருக்கிறது. வழக்குப் போட்ட அந்த 18 பேரும் இப்போது தாங்களே பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய அவையின் அமைச்சர்கள் குழு அந்தத் தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்கும் வேலையைத் தீர்ப்பு வந்து 10 வருடம் தாண்டியும் தொடர்ந்தது, கோப்பு மூடப்படவில்லை.